நாற்காலியை விட்டு எழுந்தவர்
(வி.வி. கிரியும் வங்கி ஊழியரின் சம்பளமும்)

மலர்க்குழுத் தம்பிகள் "அண்ணே, பழைய நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், வார்டனிடம் மாட்டிக்கொண்டதைப் பற்றியும் எழுத இந்த மலரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். நான் 1971 முதல் 1974 வரை நம் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன். 1976-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 2013 வரை குப்பை கொட்டியவன். அதில் பத்து வருஷம் கிளைச் சங்கச் செயலாளர். எனவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். தொழிற்சங்கத் தலைவராக இருந்து அமைச்சராகி, பிறகு நாட்டின் குடியரசுத் தலைவராகவே ஆன வராககிரி வெங்கட கிரியைப் பற்றி.

"சங்கத்துக்காரன் மந்திரியானா அவன் நம்ம ஆளா, சர்க்கார் ஆளா?" இந்தக் கேள்வியைச் சங்க அலுவலகங்களில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பொதுவாகப் பதிலை யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள்: "சர்க்கார் ஆள்தான், வேறென்ன?" கிரியின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தால் பதில் அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும்.

டப்ளினில் படித்த பாடம்

கிரி 1894 ஆகஸ்டு 10-ல் பெர்ஹாம்பூரில் பிறந்தார். இன்று அது ஒடிசாவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம். தாய்மொழி தெலுங்கு. அப்பா வக்கீல். பையனும் வக்கீலாக வேண்டும் என்று 1913-ல் கடல் கடந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவர் போய் இறங்கிய வருஷத்தைக் கவனியுங்கள். டப்ளினில் முதலாளிகள் ஒன்று சேர்ந்து, "சங்கத்தில் இருக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுக்காத தொழிலாளிக்கு வேலை இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். சுமார் 20,000 பேர் தெருவில் நின்றார்கள். 1913 ஆகஸ்டில் தொடங்கியது 1914 ஜனவரி வரை இழுத்தது. ஜிம் லார்க்கின், ஜேம்ஸ் கானலி என்ற இருவரும் அந்தப் போராட்டத்தின் தலைவர்கள். தொழிலாளர்கள் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் சங்கம் சாகவில்லை. 1916 ஈஸ்டர் எழுச்சியில் கானலி சுட்டுக் கொல்லப்பட்டார். அயர்லாந்து விடுதலை இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்த கிரிக்கும் அந்த ஆண்டே நாட்டை விட்டு வெளியேறும்படி ஆணை வந்தது. சட்டம் படிக்கப் போனவர், சட்டத்தோடு வேறு பாடங்களையும் சேர்த்துப் படித்துக்கொண்டு திரும்பினார்.

ரயில்வே சங்கம்

ஊர் திரும்பியவர் வக்கீல் தொழிலில் நிலைக்கவில்லை. காங்கிரஸ், ஒத்துழையாமை என்று போய், ரயில்வே தொழிலாளர் பக்கம் வந்து சேர்ந்தார். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்; பத்து வருஷத்துக்கு மேல் அதன் பொதுச் செயலாளர். கரக்பூரைப் பெரிய ஒர்க்‌ஷாப்பாகக் கொண்ட வங்காள நாக்பூர் ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து 1927, 28-ல் நடந்த போராட்டம்தான் அவருக்கு நாடு தழுவிய பெயரை வாங்கித் தந்தது. அதற்கு முன்பே 1926-ல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர். 1927-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதி.

1929-ல் ஒரு சோதனை வந்தது. தொழிலாளர் நிலையை விசாரிக்க விட்லி தலைமையில் ராயல் கமிஷனை பிரிட்டிஷ் அரசு அனுப்பியது. "வெள்ளைக்காரன் கமிஷனோடு என்ன பேச்சு? பகிஷ்கரி!" என்றது ஒரு அணி. "தொழிலாளியின் குறையைச் சொல்லக் கிடைத்த இடத்தை ஏன் விடணும்?" என்றது இன்னொரு அணி. நாக்பூர் மாநாட்டில் சங்கம் உடைந்தது. கிரியும் என்.எம். ஜோஷியும் வெளியேறி வேறு சம்மேளனம் தொடங்கினார்கள். 'மிதவாதி' என்ற முத்திரை அன்றைக்குக் குத்தப்பட்டது. 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டிலும் தொழிலாளர் சார்பில் போய் உட்கார்ந்தார்.

அவர் செய்தது சரியா தப்பா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் மனுஷனின் சுபாவம் இங்கே தெரிகிறது. எதிராளி யாராக இருந்தாலும் மேஜைக்குப் போவார், உட்கார்ந்து பேசுவார். பின்னால் அவர் சொன்ன தத்துவம் எல்லாம் இந்தச் சுபாவத்தின் விரிவுரைதான்.

முதல் நாற்காலியும் பொன்மலையும்

1937 தேர்தலில் பொப்பிலித் தொகுதியில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்தார் கிரி. ஜஸ்டிஸ் கட்சியின் பெரிய தலைவர், அதற்கு முந்தைய ஆண்டுகளில் மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் அந்த ராஜா. ராஜாஜி அமைச்சரவையில் கிரிக்குத் தொழிலாளர் இலாகாவும் தொழில் இலாகாவும் கிடைத்தன. கோவைப் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தங்கள் மாறி மாறி வந்த காலம் அது. 1939-ல் காங்கிரஸ் அமைச்சரவைகள் எல்லாம் ராஜினாமா செய்தன. கிரி திரும்பவும் சங்கத்துக்கு வந்தார். அங்கிருந்து சிறைக்குப் போனார். 1942-ல் மறுபடி சிறை. வேலூரிலும் அமராவதியிலுமாக மூன்று வருஷம்.

1946-ல் பிரகாசம் அமைச்சரவையில் மீண்டும் தொழிலாளர் அமைச்சர். இங்கேதான் திருச்சிக்காரர்களான நாம் நிறுத்தி வாசிக்க வேண்டும். 1946 செப்டம்பர் 5-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது நம் பொன்மலையில் போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பொன்மலைச் சங்கத் திடலில் ஒவ்வொரு செப்டம்பர் 5-க்கும் அஞ்சலிக் கூட்டம் நடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அன்று இந்த மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர் ரயில்வே சங்கத்தை வளர்த்த அதே கிரிதான்.

ரயில்வே மத்திய அரசுக்கு உட்பட்டது. கிரி வைத்திருந்தது தொழிலாளர் இலாகா, போலீஸ் அல்ல. அது நியாயமான விளக்கம்தான். ஆனால் செத்தவன் வீட்டில் இலாகா பிரித்துச் சொல்ல முடியாது. சங்கத்துக்காரன் அமைச்சரவையில் உட்காரும்போது, தான் செய்யாத காரியத்துக்கும் சேர்த்துத்தான் உட்காருகிறான். கிரியைப் புகழ்ந்து எழுதும் பல கட்டுரைகளில் பொன்மலை வருவதில்லை. நம் ஊர் மலரிலாவது வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டில்லியில் இரண்டு வருஷம்

சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கையில் இந்திய ஹைகமிஷனராக இருந்துவிட்டு, 1952 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர். அப்போது அவர் சொன்ன கொள்கைக்குப் பத்திரிகைகள் 'கிரி அணுகுமுறை' என்றே பெயர் வைத்தன.

நம் மூன்றாம் ஆண்டில் தொழிலாளர் பொருளாதாரம் நடத்திய பேராசிரியர் இதை விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. "இப்போ முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு. சர்க்கார் என்ன பண்ணுது? தூக்கித் தீர்ப்பாயத்துல போடுது. தீர்ப்பு ரெண்டு பேரையும் கட்டும். நல்லாத்தானே இருக்கு? கிரி வேண்டாம்கிறார். ஏன்?" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நிற்பார். யாரும் வாய் திறக்க மாட்டோம். அவரே சொல்லுவார்: "பழகிட்டா அப்புறம் ரெண்டு பேருக்கும் பேசவே தெரியாமப் போயிடும்."

அவ்வளவுதான் விஷயம். கட்டாயத் தீர்ப்பு முறையில் சங்கம் வக்கீல் ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். உறுப்பினரைத் திரட்டுவதைவிட மனு எழுதுவது முக்கியமாகிவிடும். முதலாளிக்கும் பேசிக் கொடுக்க வேண்டிய அவசியம் இருக்காது, "கோர்ட்டுக்குப் போய்க்கோ" என்பான். ஆகவே இரு தரப்பும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும், தீர்ப்பாயம் கடைசிப் புகலிடமாக இருக்கட்டும் என்றார் கிரி. 1952 அக்டோபரில் நைனிதாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இதை முன்வைத்தார். எல்லாத் தரப்பிலும் தயக்கம். சிறிய சங்கங்களுக்குப் பயம்: பேசுகிற பலம் எங்களுக்கு எங்கே இருக்கிறது, தீர்ப்பாயம்தானே எங்களுக்குத் துணை? இந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அவர் கொள்கை சட்டமாகவில்லை.

இந்த நிலையில்தான் வங்கித் தகராறு வந்தது.

வங்கி அவார்டு

வங்கியில் வேலை பார்த்த நண்பர்களுக்கு 'சாஸ்திரி அவார்டு' என்ற பெயர் தெரியாமல் இருக்காது. அதன் கதை நீளமானது. முதலில் 1950-ல் சென் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அது செல்லாது என்று 1951-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 1952-ல் பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையில் புதிய தீர்ப்பாயம். 1953-ல் அதன் அவார்டு. இரு தரப்புக்கும் திருப்தியில்லை. மேல்முறையீடு. 1954 ஏப்ரலில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தது. நாலு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு கைக்குக் கிடைத்த தீர்ப்பு.

வங்கி முதலாளிகள் நிதி அமைச்சகத்தின் கதவைத் தட்டினார்கள். அன்று பெரும்பாலான வங்கிகள் தனியார் கையில்தான். "இவ்வளவு சம்பளம் கொடுத்தால் சின்ன வங்கிகள் தாங்காது, சிறு ஊர்க் கிளைகளை மூட வேண்டிவரும்" என்பது வாதம். தீர்ப்பைத் திருத்த அரசுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருந்தது. 1954 ஆகஸ்டு 24-ல் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, தீர்ப்பில் ஊழியருக்குக் கிடைத்ததில் ஒரு பகுதியை அரசு வெட்டியது.

தொழிலாளர் அமைச்சர் ராஜினாமா செய்தார்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தீர்களா? தீர்ப்பாயமே வேண்டாம் என்று இரண்டு வருஷமாக வாதாடியவர் ஒரு தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்காகப் பதவியை விட்டார். முரண்பாடு மாதிரித் தெரியும். யோசித்தால் முரண்பாடு இல்லை. தொழிலாளியைப் பார்த்து "நீ வேலைநிறுத்தம் செய்யாதே, தீர்ப்பாயத்துக்குப் போ" என்று சொல்வது அரசுதான். அவன் நம்பிப் போனான், வருஷக்கணக்கில் காத்திருந்தான், ஜெயித்தான். ஜெயித்த பிறகு அந்தத் தீர்ப்பை அரசே வெட்டினால், அடுத்த முறை அவனிடம் எந்த முகத்தோடு சட்டம் பேசுவது? கோர்ட்டுக்குப் போகச் சொன்னவன் தீர்ப்புக்கும் கட்டுப்பட வேண்டும். கிரியின் ராஜினாமாவில் எனக்குத் தெரியும் நியாயம் இது.

அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த காண்டுபாய் தேசாயும் ஆமதாபாத் பஞ்சாலைச் சங்கத்துக்காரர்தான். ஆனால் எழுந்து போனவரின் ராஜினாமா வீணாகவில்லை. அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. நீதிபதி கஜேந்திரகட்கரின் அறிக்கை 1955-ல் வந்தது. அதே ஆண்டு சட்டமும் வந்தது. வெட்டியதில் பெரும்பகுதி ஊழியருக்குத் திரும்பக் கிடைத்தது.

மேஜைக்கு வந்த வங்கிகள்

அதற்குப் பிறகு 1962-ல் தேசாய் அவார்டு. அதோடு வங்கித்துறையில் சம்பளத்துக்காக அவார்டு வாங்கும் காலம் முடிந்தது. 1966 அக்டோபர் 19-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை என் சம்பளம் உயர்ந்ததெல்லாம் இந்த ஒப்பந்தங்களால்தான். பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8-ல் கையெழுத்தானது. 17 சதவீத உயர்வு. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இழுபறி உண்டு, வேலைநிறுத்தம் உண்டு, "தலைவர்கள் விலைபோயிட்டாங்க" என்ற வசவும் உண்டு. இருந்தாலும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக லட்சக்கணக்கான பேருடைய சம்பளம் மேஜையில் பேசித்தான் முடிவாகிறது. நைனிதாலில் எடுபடாத கிரியின் கொள்கை, அவர் எந்தத் துறைக்காகப் பதவியை விட்டாரோ அதே துறையில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இதன் அருமை எனக்குப் புத்தகத்தில் தெரியவில்லை, கிளையில்தான் தெரிந்தது. நான் செயலாளராக இருந்தபோது இரண்டு தற்காலிகப் பியூன்களை ஒரே மாதத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் "விடக்கூடாது சார், கேஸ் போடுவோம்" என்று பிடிவாதமாக வழக்குக்குப் போனார். இன்னொருவர் விஷயத்தை நாங்கள் வட்டார அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோனோம். நாலு சிட்டிங், ஒரு வாயில் முழக்கம், ஏகப்பட்ட டீ. ஏழு மாதத்தில் வேலை திரும்பக் கிடைத்தது, பழைய சம்பளப் பாக்கியை விட்டுக்கொடுத்து. வழக்குக்குப் போனவரும் ஜெயித்தார், முழுப் பாக்கியோடு. ஆனால் ஒன்பது வருஷம் கழித்து. இடையில் அவர் மகளுக்குப் படிப்பு நின்றுபோனது. எது நல்ல வழி என்று இளைய நண்பர்கள் யோசித்துக்கொள்ளட்டும். எனக்கு இன்றும் அவர் முகம்தான் முன்னால் வரும்.

ராஷ்டிரபதி பவனில் ஒரு ரயில்வேக்காரர்

கிரி பிறகு உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று மாநிலங்களில் கவர்னர். 1967-ல் குடியரசுத் துணைத்தலைவர். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் காலமானதும் தற்காலிகக் குடியரசுத் தலைவர். அந்தப் பொறுப்பில் அவர் கையெழுத்திட்டவற்றில் ஒன்று, 1969 ஜூலை 19-ல் பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எந்த வங்கி முதலாளிகளின் பேச்சு அரசிடம் எடுபட்டதோ, அவர்களில் பெரியவர்களின் வங்கிகள் அவர் பேனா முனையில் அரசுக்கு வந்தன. மறுநாளே பதவியை விட்டு விலகிச் சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் ஜெயித்தார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் சுபமாக இருந்திருக்கும். 1974 மே 8-ல் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் பேர். நடத்தியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அவர் எந்த அமைப்பின் தலைவர் தெரியுமா? கிரி வளர்த்த அதே அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கைது, வேலை நீக்கம், குடியிருப்பிலிருந்து வெளியேற்றம். நம் வகுப்பு நண்பர்களுக்கு அந்த மே மாதம் நினைவிருக்கும். தேர்வு முடிந்து ஊருக்குப் போக ரயில் இல்லை. என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். போலீஸ் வரும் என்று தினம் ஒரு வீட்டில் படுத்தார். ஒருநாள் ராத்திரி சாப்பிட வந்தவர் எங்களிடம் சொன்னார்: "ஜனாதிபதி மாளிகையில இருக்கிறவரு நம்ம சங்கத்துக்காரருடா தம்பி. அவரு பார்த்துக்குவாரு."

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. மே 27-ல் வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. ஜூலையில், பஞ்சப்படி உயர்வில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடிக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதிலும் கையெழுத்து கிரியுடையதுதான். ஆகஸ்டு 24-ல் பதவிக்காலம் முடிந்து விடைபெற்றார். 1975-ல் பாரத ரத்னா. 1980 ஜூனில் சென்னையில் காலமானார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனத்துக்கு 1995-ல் அவர் பெயரை வைத்தார்கள். வேலைநிறுத்தம் நடத்திய பெர்னாண்டஸ் 1989-ல் ரயில்வே அமைச்சரே ஆனார் என்பது தனிக்கதை.

இளைய நண்பர்களுக்கு

"நம்ம ஆளா, சர்க்கார் ஆளா?" என்ற கேள்விக்கு என் பதில் இது. நாற்காலியில் உட்கார்ந்ததற்காக யாரையும் துரோகி என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்ததால் 1955-ல் வங்கி ஊழியருக்கு வழி பிறந்தது. எழுந்ததால் அது உறுதியாயிற்று. அதே மனிதர் 1946-லும் 1974-லும் எழவில்லை. ராஜினாமா செய்யக்கூடிய நாற்காலியில் ஒரு தொழிற்சங்கவாதிக்குப் பலம் உண்டு. அலங்கார நாற்காலியில் அது குறைந்துவிடுகிறது. பதவி பெரிதாகப் பெரிதாக அவர் கை சுருங்கியது என்றுதான் நான் படித்த வரலாறு சொல்கிறது.

இன்று உங்களில் பலர் சங்கமே இல்லாத கம்பெனிகளில் வேலைக்குப் போகிறீர்கள். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், நிர்வாகத்தோடு பேசும் உரிமை எந்தச் சங்கத்துக்கு என்பதற்கு விதி இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு முன் நோட்டீஸ் கொடுக்கும் கட்டாயத்தை எல்லாத் தொழில்களுக்கும் விரித்திருக்கிறது. மேஜையா, கோர்ட்டா, தெருவா என்ற பழைய விவாதம் இன்னும் முடியவில்லை. வேலைக்குப் போகும் முன் அதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள். நம் நூலகத்தில் கிரி எழுதிய 'லேபர் ப்ராப்ளம்ஸ் இன் இந்தியன் இண்டஸ்ட்ரி' இருந்தது; பொருளாதாரப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தடிமனான புத்தகம்தான். வங்கித் தகராறு நடந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் தூக்கம் வராது.

(கட்டுரையாளர் பி.ஏ. பொருளாதாரம், 1971-74 அணி. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்.)